93 ஹைலக்ஸ் டபுள் கெப், எல்.என்.106: நாலரை வருசம் வைச்சிருந்து கழட்டிப் பூட்டின பிறகு எழுதுறன்

பழைய ரொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப் (நாலு கதவும் பின்னால சாமான் பெட்டியும் இருக்கிற பிக்கப்) வாங்கலாமோ எண்டு போன மாசம் மட்டும் மூண்டு பேர் என்னட்டக் கேட்டிட்டினம். மூண்டு பேரோடயும் போனில அரை மணித்தியாலம் அரை மணித்தியாலமா கதைச்சு முடிச்ச பிறகுதான் யோசிச்சன், இதை ஒருக்கா வடிவா எழுதி வைச்சா கேக்கிற எல்லாருக்கும் உதவும் எண்டு. என்னட்ட நிக்கிறது 93ஆம் ஆண்டு எல்.என்.106 எண்ட மொடல், 2.8 டீசல், நாலு சில்லும் இழுக்கிற வகை. 2020 கடைசியில வாங்கினனான். கிளிநொச்சியில வயல் இருக்கு, வீட்டில அஞ்சு பேர், நெல்லு மூட்டையும் தண்ணிப் பம்மும் பிள்ளையளும் ஒரே வாகனத்தில போகோணும், அதுக்குத்தான் வாங்கினது.

முதலே சொல்லிப்போடுறன், திருப்பி ஒண்டு வாங்குவியோ எண்டு கேட்டா வாங்குவன். ஆனா முதல் தரம் வாங்கின மாதிரி பெயின்ற் பளபளப்பைப் பாத்து வாங்க மாட்டன். நிறம் போய், கதவுக்குக் கீழ கறள் தெரிஞ்சு, ஒருத்தரும் கை வைக்காம உள்ளது உள்ளபடி நிக்கிற ஒண்டைத்தான் தேடுவன். ஏனெண்டா இந்த நாலரை வருசத்தில நான் செலவழிச்ச காசில பாதிக்கு மேல வாகனத்தின்ர பழுதுக்குப் போகேல்ல, எனக்கு முதல் வைச்சிருந்த ஆரோ பழுதை மூடி மறைச்சதைத் திருப்பித் தோண்டி எடுக்கிறதுக்குத்தான் போனது.

வெளியில இருந்து வாசிக்கிற ஆக்களுக்காக ஒரு விசயம். எங்கட பக்கம் டபுள் கெப் எண்டா அது வெறும் வாகனம் இல்லை. சுனாமிக்குப் பிறகும் யுத்தம் முடிஞ்ச பிறகும் என்.ஜி.ஓ. ஆக்கள் வெள்ளை டபுள் கெப்பிலதான் வருவினம், பெரிய ஒபிசர்மாரும் அதிலதான். அதால ஊரில அதுக்கொரு மதிப்பு. பேந்து 2020 மார்ச்சில இலங்கையில வாகன இறக்குமதியை நிப்பாட்டினாப் பிறகு, முப்பது வருசப் பழசுக்கே புதுசின்ர விலை சொல்லத் தொடங்கிச்சினம். இறக்குமதி திருப்பித் திறந்தது 2025இலதான். இடையில வாங்கின எல்லாரும் கூடின விலைக்குத்தான் வாங்கினது, நானும் அப்பிடித்தான். விலை ஏறினவுடன பழசை எல்லாம் பட்டி (ஓட்டை, பள்ளம் அடைக்கிற பசை) பூசி பெயின்ற் அடிச்சு விக்கிற ஆக்களும் கூடிட்டினம், இப்பவும் சந்தையில நிக்கிறதுகளில கனக்க அந்த நேரத்தில மினுக்கினதுதான்.

என்ர கதையைச் சொல்லுறன். யாழ்ப்பாணப் பக்கம் ஒருத்தரிட்ட நிண்டது. புதுசா வெள்ளை பெயின்ற், கறுப்பு பம்பர், சீற்றுக்கு புதுக் கவர், ரயர் நாலும் புதுசு. திறப்பைப் போட்டுச் சுத்தின உடன பிடிச்சிட்டுது, புகையும் பெரிசா இல்லை. நான் கீழ குனிஞ்சு பாத்தனான் தான், ஆனா சேசி (வாகனத்தைத் தாங்கிற அடிச்சட்டம்) முழுக்க கறுப்பு பெயின்ற் தடிப்பா அடிச்சுக் கிடந்தது, அதைப் பாத்து நல்லா பராமரிச்சிருக்கினம் எண்டு நினைச்சன். இப்பத் தெரியும், அடியில புதுசா கறுப்பு அடிச்சிருந்தா அதுதான் முதல் சந்தேகப்பட வேண்டிய இடம். கையில ஒரு சின்னக் காந்தமும் ஒரு சின்னச் சுத்தியலும் கொண்டு போங்கோ. காந்தம் ஒட்டாத இடம் பட்டி. சுத்தியலால மெல்லத் தட்டினா நல்ல இரும்பு மணி மாதிரி சத்தம் தரும், உக்கினது மந்தமா பொத்துப் பொத்தெண்டு சொல்லும். விக்கிறவர் தட்ட விடமாட்டன் எண்டா திரும்பி வாங்கோ, வேற கதை தேவையில்லை.

சேசியில எங்க தட்டோணும் எண்டா, பின் அக்சிலுக்கு நேர மேல வளைஞ்சு போற இடம். ஹைலக்ஸ் சேசி பெட்டி மாதிரி உள்ளுக்கு வெறுமையா இருக்கும், சில்லு எத்துற சேறு ஓட்டையளுக்குள்ளால உள்ள போய் அந்த வளைவில போய்த் தங்கும். வன்னிச் செம்மண் காஞ்சா சீமெந்து மாதிரி, மழைக்கு ஊறினா மாசக்கணக்கில ஈரம் பிடிச்சு வைச்சிருக்கும். அதுக்கு மேல ஆனையிறவு, பூநகரிப் பக்கம் அடிக்கடி ஓடின வாகனம் எண்டா உப்புக் காத்தும் சேரும். வெளியில இருந்து பாத்தா ஒண்டும் தெரியாது, கறள் உள்ளுக்க இருந்து வெளியில வாறது. பெட்டிக்கும் கெபினுக்கும் நடுவில இருக்கிற அந்த ஒடுக்கமான இடைவெளிக்குள்ள லைற் அடிச்சுப் பாருங்கோ, அதிலயும் சேறு அடைஞ்சு கிடக்கும். முன்னுக்கு ஸ்ரியரிங் பொக்ஸ் பூட்டியிருக்கிற இடத்தில சேசியில மயிர் மாதிரி வெடிப்பு இருக்கோ எண்டும் பாருங்கோ, பெரிய ரயர் போட்டு ஓடின வாகனங்களில அது வரும்.

எனக்கு இதெல்லாம் தெரிய வந்தது வாங்கி ஏழு மாசத்தில. நெல்லு ஏத்திக்கொண்டு வரேக்க பின்பக்கம் ஒரு பக்கமா இழுக்கிற மாதிரி கிடந்தது, கதவு பூட்ட ஏலாம இறுகுது. கராச்சுக்கு கொண்டு போய் ஜக் அடிச்சுத் தூக்கினா, பாஸ் (கராச்சில வேலை செய்யிற மேசன்மாதிரி கைவேலைக்காரர்) ஸ்குறூ டிறைவரை எடுத்து அந்தக் கறுப்பு பெயின்ற்றுக்குள்ள குத்தினார், கைபிடி மட்டும் உள்ள போட்டுது. கறள் தின்ற ஓட்டைக்கு மேல தகரத்தை வைச்சு, பட்டி பூசி, கறுப்பு அடிச்சிருக்கு. தாங்கிற சேசியில பட்டி! பின்னால அஞ்சு பேரை வைச்சுக்கொண்டு ஏ9 பெருந்தெருவில நான் ஓடித் திரிஞ்ச வாகனம் அது. அதைச் செய்தவருக்கு என்ன மனசோ எனக்கு இண்டைக்கும் விளங்கேல்ல.

அண்டைக்குத்தான் முழுசாக் கழட்டுறது எண்டு முடிவெடுத்தன். பின்பெட்டியை போல்ட் வெட்டித்தான் எடுத்தது, ஒண்டும் கழரேல்ல. ஆறு பேர் பிடிச்சுத் தூக்கி பக்கத்தில மரத்தடியில வைச்சம். சேசிக்குள்ள இருந்து பைப்பால தண்ணி அடிச்சுக் கழுவிக் கழுவி எடுத்த மண் ரெண்டு சிமெந்துப் பைக்கு மேல வந்தது. கதையைக் கூட்டிச் சொல்லேல்ல, நானே அள்ளிப் போட்டது.

சேசி ஒட்டுறதில ஒரு விசயம் கட்டாயம் தெரிஞ்சிருக்கோணும். உக்கின இடத்தில ஒரு சதுரத் தகட்டை வைச்சு நாலு பக்கமும் நேரா வெல்ட் அடிச்சா, நேர்குத்தா ஓடுற அந்த வெல்ட் கோட்டிலதான் பேந்து லோட் ஏத்தேக்க வெடிக்கும். தகட்டின்ர முனையை சரிவா, மீன் வால் மாதிரியோ வைர வடிவத்திலயோ வெட்டித்தான் வைக்கோணும், அப்ப பாரம் ஒரே இடத்தில விழாம பரவும். மேலயும் கீழயும் இருக்கிற விளிம்புகளில குறுக்கா வெல்ட் அடிக்கவே கூடாது. முதல் உக்கின இரும்பை நல்ல இரும்பு வரும் மட்டும் வெட்டி எடுக்கோணும், உக்கினதுக்கு மேல தகடு வைக்கிறதில ஒரு பிரயோசனமும் இல்லை. வெல்டிங் தொடங்க முதல் பற்றரி வயரைக் கழட்டி வையுங்கோ. எங்கட பாஸ் இதெல்லாம் பொறுமையாச் செய்தவர், அவர் ஒரு பக்கத்துக்கு நாலு நாள் எடுத்தவர், நானும் அவசரப்படுத்தேல்ல. முடிஞ்ச பிறகு உள்ளுக்க ஒயில் விசிறி அடிச்சது, ஒவ்வொரு வருசமும் மாரி தொடங்க முதல் திருப்பி அடிக்கிறன், பிறேக் குழாய் றபரில மட்டும் படாமப் பாத்துக்கொள்ளோணும்.

இனி எஞ்சின். இந்தத் தலைமுறை ஹைலக்ஸ் 1988இல வந்து 1997 வரைக்கும் ஜப்பானில விட்டது, டீசலில முக்கியமா ரெண்டு எஞ்சின். 2எல் 2446 சீசீ, 3எல் 2779 சீசீ. 106இல வாறது 3எல். ரேர்போ இல்லை, கொம்பியூற்றர் இல்லை, வயரிங் எண்டு சொல்லவே பெரிசா ஒண்டும் இல்லை, டீசலும் காத்தும் குடுத்தா ஓடும். தொண்ணூறு குதிரை வலுதான், அதால வேகம் எதிர்பார்க்காதேங்கோ, ஆனா கீழ் கியரில வயல் வரம்பால ஏறேக்க அதின்ர இழுவை வேற மாதிரி.

இந்த எஞ்சினுக்கு ரெண்டே ரெண்டு எதிரி. ஒண்டு சூடு, மற்றது ரைமிங் பெல்ற். ரெண்டும் என்ர வாகனத்தில வாங்கேக்கயே இருந்தது, ரெண்டும் மறைச்சிருந்தது.

சூட்டை முதல் சொல்லுறன். 3எல் எஞ்சினின்ர ஹெட் (சிலிண்டருக்கு மேல மூடி மாதிரி வாற பாகம்) அலுமினியம். ஒருக்கா நல்லாச் சூடாகினா வால்வுகளுக்கு இடையில இருக்கிற அந்த மெல்லிய இடத்தில வெடிப்பு விழும். எங்கட பக்கத்தில அது ஏன் கனக்க நடக்குது எண்டா கிணத்துத் தண்ணி. யாழ்ப்பாணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால வாறது, கேத்தில் கொதிக்க வைச்சாலே அடியில வெள்ளையா படியும், எல்லா வீட்டிலயும் தெரிஞ்ச விசயம். அதே தண்ணியை முப்பது வருசமா ரேடியேற்றருக்க விட்டா உள்ளுக்க என்ன நடக்கும்? என்ர ரேடியேற்றரை வெட்டித் திறந்தவர் காட்டினார், குழாய்களில பாதிக்கு மேல வெள்ளைக் கல்லா அடைபட்டுக் கிடந்தது. கேத்தில் அடியில பிடிக்கிற அதே கல். வெறும் பெட்டியா ஓடினா சூடு ஏறாது, லோடோட பரந்தன் தாண்டி ஒரு பதினைஞ்சு நிமிசம் ஓடினா சூடு காட்டுற முள்ளு மேல போகும்.

வாங்கப் போறவை செய்யக்கூடிய சோதனை லேசு. காலமை எஞ்சின் ஆறிக் கிடக்கேக்க போங்கோ, விக்கிறவர் முதலே ஸ்ராட் பண்ணி சூடாக்கி வைச்சிருந்தா இன்னொரு நாள் வாறன் எண்டு சொல்லுங்கோ. ரேடியேற்றர் மூடியைக் கழட்டிப்போட்டு ஸ்ராட் பண்ணச் சொல்லுங்கோ. எஞ்சின் ஓட ஓட தண்ணிக்குள்ளால விடாம முட்டை முட்டையா குமிழ் வந்தா அது ஹெட்டுக்குள்ளால வாற காத்து. மூடி பூட்டி ஓடவிட்டு ரெண்டு நிமிசத்தில மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகினாலும் அதேதான். ஒயில் மூடிக்கு அடியில பால் கலந்த மாதிரி இருந்தா ஒண்டும் கேக்காம வீட்ட வாங்கோ.

எனக்கு ஹெட்டைக் கழட்டி மெசின் ஷொப்பில பிறசர் ரெஸ்ற் பண்ணினா ரெண்டு இடத்தில வெடிப்பு. ஒட்டலாம் எண்டு ஒருத்தர் சொன்னார், இன்னொருத்தர் ஒட்டினா ஆறு மாசம் தான் எண்டார். நான் ரெண்டாவது ஆளை நம்பி வேற ஹெட் போட்டன், அந்த முடிவில எனக்கு ஒரு கவலையும் இல்லை. புது ரேடியேற்றர், புது தேர்மோஸ்ராற், புது ஹோஸ் எல்லாம் அதோட சேத்துப் போட்டது, பழைய ரேடியேற்றரை வைச்சுக்கொண்டு புது ஹெட் போட்டா அந்த ஹெட்டும் போகும். இண்டைக்கு கூலன்ற் தவிர ஒரு சொட்டுக் கிணத்துத் தண்ணி அதுக்க போகாது. பெட்டியில ஒரு கான் எப்பவும் கிடக்கும்.

ரைமிங் பெல்ற் கதை இன்னும் கவலையானது. 3எல் எஞ்சினில வால்வுகளைத் திறக்கிற கேம்சாப்றையும் டீசல் பம்மையும் ஓட்டுறது றபர் பெல்ற் தான், அது ஓட்டத்தில அறுந்தா வால்வும் பிஸ்டனும் அடிபடும், பேந்து எஞ்சின் எண்டு ஒண்டு இல்லை. ஒவ்வொரு லட்சம் கிலோமீற்றருக்கும் மாத்தோணும், அதை ஞாபகப்படுத்துறதுக்கு எண்டே ரொயோட்டாக்காரன் டாஷில ஒரு லைற் வைச்சிருக்கிறான், நேரம் வந்தா அது எரியும். என்ர வாகனத்தில அது எரியேல்ல. மீற்றரைக் கழட்டிப் பாத்தா அதுக்குள்ள பல்ப் இல்லை, ஆரோ கழட்டி எடுத்திருக்கு. மூடியைத் திறந்து பெல்ற்றைப் பாத்தா விளிம்பு நூல் நூலா பிரிஞ்சு, பல்லு வெடிச்சு, இன்னும் எத்தினை நாள் தாங்கியிருக்கும் எண்டு தெரியாது. ஆகவே வாங்க முதல் திறப்பை ஒரு சுத்துச் சுத்தி டாஷில எல்லா லைற்றும் எரியுதோ எண்டு எண்ணிப் பாருங்கோ. வாங்கின பிறகு, முதல் சொந்தக்காரர் போன மாசம்தான் மாத்தினது எண்டு பில்லோட காட்டினாலும், பெல்ற்றையும் அதை இறுக்கிப் பிடிக்கிற ரென்சனரையும் திருப்பி மாத்துங்கோ. எல்லாச் செலவிலயும் இதுதான் மலிவு.

சாமான் எடுக்கிற விசயத்துக்கு வாறன். ஹைலக்ஸின்ர பெரிய பலமே இதுதான் எண்டு எல்லாரும் சொல்லுவினம், அது முக்கால்வாசி உண்மை. பொனற், முன் மட்கார்ட், கிறில், ஹெட்லைற், கியர்பொக்ஸ், பிறேக், எஞ்சின் சாமான் எல்லாம் ரெண்டு கதவு சிங்கிள் கெப்புக்கும் வாறதால தட்டுப்பாடு இல்லை. டபுள் கெப்புக்கு மட்டும் வாறது எது எண்டு பாத்தா, பின் கதவு, பின் கதவுக் கண்ணாடி, அதின்ர றபர், பின் சீற், கெபினின்ர பின்பக்கத் தகரம். இதுகளைத் தேடித்தான் நான் பஞ்சிகாவத்தைக்கு நாலு தரம் போனனான்.

பஞ்சிகாவத்தைக்குப் போகாத ஆக்களுக்குச் சொல்லுறன், கொழும்பு மருதானைப் பக்கம், தெரு முழுக்க பழைய வாகனச் சாமான் கடையள், ஒரு கடையில கதவு மட்டும், ஒரு கடையில லைற் மட்டும், ஒரு கடையில எஞ்சின் மட்டும் அடுக்கியிருக்கும். ஜப்பானில இருந்து பாதியா வெட்டி வாற ஹாஃப் கட் சாமானும் அங்கதான். எனக்கு அந்த இடம் சரியான விருப்பம். ஆனா வெறுங்கையோட போகாதேங்கோ. பழைய சாமானைக் கழட்டி கையில கொண்டு போங்கோ, போனில படம் காட்டினா ஓம் ஓம் எண்டு சொல்லி ஏதோ ஒண்டைத் தருவினம், வீட்ட வந்து பூட்டினா ரெண்டு மில்லிமீற்றர் வித்தியாசத்தில ஏறாது. சேசி நம்பரையும் எழுதிக்கொண்டு போங்கோ. மொழி எனக்குப் பெரிய பிரச்சினையா இருக்கேல்ல, கடைக்காரர் கனபேர் தமிழ் கதைப்பினம், இல்லாட்டியும் கையில சாமான் இருந்தா அது பேசும்.

இடது பின் கதவு நாலாவது தரம்தான் கிடைச்சது. சிவப்புக் கதவு, அடிவிளிம்பு ஒரு பொட்டுக் கறள் இல்லாம. பஸ்ஸில கொண்டு வாறதுக்கு கொண்டக்ரரோட கனநேரம் கதைச்சு, கடைசியில அவர் தம்பி பின்னுக்கு நிமித்தி வை எண்டு விட்டவர். விடிய கிளிநொச்சியில கதவோட இறங்கி நிக்கேக்க எனக்கு வந்த சந்தோசம் வாகனம் வாங்கின நாளில கூட வரேல்ல.

றபர் சாமான் மட்டும் ஒறிஜினல் தேடுங்கோ, அல்லது நல்ல நிலையில இருக்கிற பழசை எடுங்கோ. கதவு றபர் மலிவானதா போட்டு ஒரு மாரி தான் போனது, தண்ணி உள்ள வந்து பின் சீற்றுக்கு அடியில தேங்கி, புதுசா ஒட்டின தரைத் தகரத்தில திருப்பிக் கறள் தொடங்கிட்டுது. பின் சீற்றைத் தூக்கி அடியில பாக்கிறதை ஒரு பழக்கமா வைச்சிருங்கோ, டபுள் கெப்பில முதல் உக்கிற இடங்களில அதுவும் ஒண்டு.

பிறேக்கில ஒரு விசயம், இது கனபேருக்குத் தெரியாது. பின் அக்சிலுக்கு மேல ஒரு சின்ன வால்வும் அதில இருந்து ஒரு கம்பியும் இருக்கும். லோட் ஏறி பெட்டி பதியப் பதிய அந்தக் கம்பி அசைஞ்சு பின் பிறேக்குக்கு பலத்தைக் கூட்டிக் குடுக்கும், வெறும் பெட்டியா இருந்தா குறைக்கும். என்ரதில அது கறள் பிடிச்சு இறுகிப்போய் கிடந்தது, அதால லோடோட போகேக்க முன் பிறேக் மட்டும் தான் வேலை செய்தது. பிறேக் சூ புதுசு, சிலிண்டர் புதுசு, ஆனா வாகனம் நிக்குதில்லை எண்டு ரெண்டு மாசம் மண்டையைப் போட்டு உடைச்சம். பின்னுக்கு மேலதிகமா லீஃப் (ஸ்பிறிங் தகடு) போட்டு உயர்த்தின வாகனம் எண்டாலும் இந்தக் கம்பி சரியா வேலை செய்யாது, அதையும் பாத்து செற் பண்ணோணும்.

ஓட்டுறது எப்பிடி எண்டு கேப்பீங்கள். இந்த மொடலில முன்னுக்கும் லீஃப் ஸ்பிறிங், முழு அக்சில். வெறும் பெட்டியா ஓடினா றோட்டில கிடக்கிற ஒவ்வொரு கல்லும் இடுப்புக்குத் தெரியும். பத்து மூட்டை ஏத்தினா தொட்டில் மாதிரி. ஏ9இல எண்பதில வைச்சா எஞ்சின் சந்தோசமா ஓடும், நூறுக்குப் போனா சத்தமும் கூடும் டீசலும் குடிக்கும். லீற்றருக்கு ஒன்பது, பத்து கிலோமீற்றர் எனக்குக் கிடைக்குது, லோடோட எண்டா எட்டு. நாலு சில்லுக்கு மாத்துறது எண்டா இறங்கி முன் சில்லில இருக்கிற ஹப்பைக் கையால சுத்தி லொக் பண்ணோணும், சேத்துக்க இறங்க முதல் செய்யுங்கோ, இறங்கிப் புதைஞ்ச பிறகு குனிஞ்சு தேடுறது கஷ்டம். தேவையில்லாட்டியும் மாசத்துக்கு ஒருக்காலாவது ஹப் லொக் பண்ணி மண் றோட்டில ரெண்டு மூண்டு கிலோமீற்றர் ஓடுங்கோ, முன் அக்சிலுக்க ஒயில் சுத்தட்டும். முன் சில்லுக்குப் பின்னால உருண்டையான நக்கிளில கிறீஸும் ஒயிலும் கலந்து வழிஞ்சா உள் சீல் போட்டுது எண்டு அர்த்தம், பிறேக் டிஸ்க்கில பட முதல் திருத்துங்கோ.

கார்த்திகை மாரியில, இரணைமடுக் குளம் நிறைஞ்சு வான் பாய்ஞ்ச நேரம், வயலுக்குப் போற றோட்டில ரக்ரர் தவிர ஒண்டும் போகேல்ல, இது போனது. அந்த ஒரு கிழமையில பக்கத்து வீட்டு அம்மாவை ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனது, ரெண்டு குடும்பத்தைச் சாமானோட ஏத்திக்கொண்டு வந்து பள்ளிக்கூடத்தில விட்டது எல்லாம் இதிலதான். முன்னுக்கும் பின்னுக்கும் ஆக்கள், பெட்டியில பாயும் அடுப்பும் ஆடும். சிங்கிள் கெப் எண்டா ஆக்களும் பெட்டியில நனைஞ்சு கொண்டுதான் வந்திருப்பினம். நாலு கதவின்ர அருமை அண்டைக்கு எனக்கு நல்லா விளங்கினது.

2022இல டீசல் இல்லாத நேரம் அனேகமா முற்றத்தில நிண்டது, அதால அந்த நாளில தகர வேலையையும் பெயின்ற் வேலையையும் முடிச்சம். நிறம் வெள்ளைதான் திருப்பி அடிச்சது. நிறத்தை மாத்தினா அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில பதியோணும், எஞ்சின் மாத்தினாலும் அப்பிடித்தான். கனபேர் 3எல் பழுதாகினா 5எல் எஞ்சின் பூட்டினம், 2986 சீசீ, நல்லாவும் பொருந்தும், ஆனா வாகனப் பதிவுப் புத்தகத்தில பழைய எஞ்சின் நம்பர் கிடக்கும். வாங்க முதல் எஞ்சின் நம்பரையும் சேசி நம்பரையும் நீங்களே துடைச்சு வாசிச்சு புத்தகத்தோட ஒத்துப் பாருங்கோ. ஓப்பின் பேப்பரில (விக்கிறவர் கையெழுத்து வைச்சு, வாங்கிறவற்ற பேர் எழுதாம விட்ட பத்திரத்தில) மூண்டு நாலு கை மாறி வந்த வாகனத்தை எவ்வளவு மலிவெண்டாலும் தொடாதேங்கோ, கடைசியாக் கையெழுத்து வைச்சவர் வெளிநாட்டில இருக்கிறார் எண்டுதான் சொல்லுவினம்.

மொத்தச் செலவு கேப்பீங்கள். வாங்கின விலையில கிட்டத்தட்ட அரைவாசி மேலதிகமா போயிருக்கு. சேசியும் ஹெட்டும் நல்லா இருந்த வாகனத்தை அதே விலைக்கு பெயின்ற் இல்லாம வாங்கியிருந்தா அதில காவாசியோட முடிஞ்சிருக்கும், கணக்குப் போட்டுப் பாத்துத்தான் சொல்லுறன்.

கடைசியா பின் சீற். குடும்பத்துக்கு வாங்கப் போறவை இதை வாசியுங்கோ. பின் சீற் முதுகு கெபின் தகரத்தோட ஒட்டி நேரா நிமிர்ந்து நிக்கும், சாய்க்க ஏலாது. அரை மணித்தியாலத்துக்கு பரவாயில்லை, அதுக்கு மேல அம்மாவுக்கு முதுகு பிடிச்சிடும், இப்ப தடிப்பான ஸ்பொஞ்ச் வைச்சு கொஞ்சம் சரிவாக்கித் தைச்சிருக்கு, அதால ஒரு மணித்தியாலம் தாங்கும். என்ரதில எயார்பாக் இல்லை, ஏபிஎஸ் இல்லை, பின்னுக்கு இடுப்புப் பெல்ற் மட்டும்தான், வாங்கேக்க அதுவும் அறுந்து கிடந்தது, புதுசா பூட்டினது நான். எவ்வளவு காசு செலவழிச்சு எவ்வளவு வடிவாத் திருத்தினாலும் 1988இல வந்த கெபின் அதேதான், அடிபட்டா இண்டைய வாகனம் தாற பாதுகாப்பை அது தராது. அதால ஊருக்குள்ள, வயலுக்கு, பள்ளிக்கூடத்துக்கு, கோயிலுக்கு எல்லாம் இதுதான் போகும், நானும் மெல்லமாத்தான் ஓடுவன். பிள்ளையளோட கொழும்புக்குப் போறதெண்டா யாழ்தேவியில புக் பண்ணிப்போடுவன், டபுள் கெப் கிளிநொச்சி ஸ்ரேசன் மட்டும் கொண்டு போய் விடும்.